பின்மூலை

ஜூலை 6, ஞாயிறு

இந்த டைரியைப் பாண்டி கொடுத்தாள். அவளுடைய ரயில்வே ஆபீசில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்ததாம். "பேசத்தான் மாட்டேங்கிற, எழுதவாச்சும் செய்யும்மா. கண்ணுல படுறத எழுது" என்றாள். நான் எட்டாவது வரை படித்தவள். மளிகைச் சிட்டை தவிர எதுவும் எழுதியதில்லை. ஜனவரிப் பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றன. அவற்றைப் புரட்டாமல் நேராக ஜூலைக்கு வந்துவிட்டேன்.

கண்ணில் படுவது இதுதான். சென்னையில், வில்லிவாக்கத்தில் இரண்டாம் மாடி வீடு. லிப்ட் கிடையாது. ஒரு அறையில் நானும் என் மகள் பாண்டீஸ்வரியும். இன்னொரு அறையில் ஜெனிஷா, மார்த்தாண்டத்துப் பெண், பாண்டியோடு ஜோடி சேர்ந்து ஷட்டில் ஆடுகிறவள். இரண்டு பேருக்கும் விளையாட்டினால் கிடைத்த வேலை. காலையில் ஆட்டம், பிறகு ஆபீஸ், சாயங்காலம் மறுபடி ஆட்டம். அவர் போன பிறகு ராஜபாளையத்தில் நான் தனியாக இருக்க வேண்டாம் என்று பாண்டி போன மாதக் கடைசியில் கூட்டி வந்தாள்.

கொடியில் ஒரே மாதிரி டீ-சர்ட்டாகக் காய்கிறது. எது யாருடையது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இவர்கள் விடியும் முன்னே கிளம்புகிறார்கள். கிளம்புகிற நேரம் நான் அடுப்படியில் திரும்பி நின்றுகொள்கிறேன். புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் எதிரே வந்தால் நல்லதா? இன்று ஜெனிஷா செருப்புப் போட்டவள் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். என் தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேராக, "போய்ட்டு வாறேன் மாமி" என்றாள். தோழியின் அம்மாவை அவள் ஊரில் மாமி என்பார்களாம்.

"எனக்கு முன்னாடி வராதடி. ஆட்டத்துக்குப் போறவ."

"நேத்து நீங்க திரும்பித்தான் நின்னிய. மூணு செட்டும் தோத்தோம். இன்னைக்கு முகத்தப் பாத்துட்டுப் போறேன், என்ன நடக்குன்னு பாப்போம்."

சாயங்காலம் வந்து, ஜெயித்தோம் என்றாள். பொய்யாகக்கூட இருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் கீழேயே வைத்துவிட்டுப் போனான். நானே படிப்படியாக ஏற்றினேன். ஊரில் போன ஆடியில் இருந்து நான்தான் தூக்கினேன், பழக்கம்தான். தோள் கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஒன்றுமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இந்த விளையாட்டில் அடிக்கிற பந்தைக் காக் என்கிறார்கள். தினமும் ஒரு பை நிறையக் கிழிந்த காக் வீட்டுக்கு வருகிறது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். அடியில் தக்கை. அதைச் சுற்றிப் பதினாறு இறகு. நூலால் சுற்றிப் பசை போட்டிருக்கிறார்கள். பதினாறும் ஒரே பக்கம் வளைந்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"எல்லாம் வாத்தோட ஒரே பக்கத்து ரெக்கைலேர்ந்து எடுக்குறது. ரெண்டு பக்கத்தையும் கலந்தா நேராப் போகாது" என்றாள் பாண்டி.

"அப்ப அந்தப் பக்கத்து இறக?"

அவளுக்குத் தெரியவில்லை. ஜெனிஷாவுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக ஆடுகிறார்கள், ஒருத்திகூட யோசிக்கவில்லை. எனக்கு ராத்திரி வரை அதே நினைப்பு. மற்ற இறக்கையின் இறகெல்லாம் எங்கே போகும்?

அவரிடம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். தெரியாவிட்டாலும் சொல்லுவார். மில் டீமில் பூப்பந்து ஆடியவர். அது கம்பளிப் பந்து, ஒரு பக்கம் ஐந்து பேர். பாண்டிக்கு முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் பார்த்துவிட்டு, இந்தக் கைக்கு ஷட்டில்தான் சரி என்று மதுரைக்கு அனுப்பினார். அங்கிருந்து ஸ்டேட், பிறகு ரயில்வே, நேஷனல். தனியாக ஆடினாள், சரிப்படவில்லை. மூன்று பேரோடு ஜோடி சேர்ந்து பார்த்தாள். நாலாவதாக வந்தவள் ஜெனிஷா. ஏழு வருஷம் ஆகிறது. இவ்வளவும் அவர் போனில் யாரிடமாவது சொல்லும்போது காதில் விழுந்ததுதான். நான் மகள் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் ஆடியும் பார்த்ததில்லை. சமையல் இருக்குமே.

ஜூலை 16, புதன்

இன்று ஜெனிஷா விடவில்லை, ஆடுகிற இடத்துக்கே இழுத்துப் போய்விட்டாள். பெரிய கொட்டகை. தரையில் பச்சை விரிப்பு. மேலே படிக்கட்டு மாதிரி உட்கார இடம். காற்று வந்தால் காக் திசை மாறுமாம், அதனால் ஃபேன்கூடக் கிடையாது. ரப்பர் ஷூ தரையில் உரசும் சத்தம், எலி கத்துகிற மாதிரி.

கோச் ஹமீது சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்டேன், "ரெண்டு பேர் ஆடும்போது யாருக்கு எந்த இடம் சார்?"

"ரெண்டு விதம்மா. நம்ம அடிக்கிறப்ப ஒருத்தி முன்னாடி, ஒருத்தி பின்னாடி. அடி வாங்குறப்ப ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல."

இதை வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அடிக்கும்போது முன்னும் பின்னும். வாங்கும்போது பக்கத்தில். யார் கண்டுபிடித்தார்களோ, குடும்பம் நடத்தினவர்களாக இருக்க வேண்டும்.

பாண்டிதான் பின்னால் நின்று எம்பி எம்பி அடிக்கிறவள். ஜெனிஷா முன்னால், வலைக்குப் பக்கம். முன்னால் நிற்கிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் பின்னால் இருந்து வருகிற அடி கண்ணில் படும். சத்தத்தை வைத்தே அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். "மாமி, நீங்க வீட்டுல பாத்திரம் போடுத சத்தத்துலயே உங்க மூடு தெரியுமில்லா, அது மாதிரி" என்றாள் ஜெனிஷா.

ஜூலை 20, ஞாயிறு

இன்று மத்தியானம் ஜெனிஷா சர்ச்சுக்குப் போயிருந்தாள். பாத்ரூமுக்குப் போன பாண்டி ரொம்ப நேரமாக வரவில்லை. கதவைத் தட்டினேன். வாளிக்குள் ஐஸ் கட்டியைக் கொட்டி, இடது காலை முழங்கால் வரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முட்டி வீங்கி, மூட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

அந்தக் குரல் அப்படியே அவர் குரல். மில்லில் இருந்து வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, நடையில் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஒண்ணுமில்ல, வாயு" என்பார். நான் சோடா வாங்கி வைத்திருப்பேன்.

ராத்திரிக்கு உப்புமா. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

துருவித் துருவிக் கேட்டதில் பாண்டி சொன்னாள். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது. சித்திரையிலேயே டாக்டர் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். எம்பிக் குதிப்பதை நிறுத்தி ஆபரேஷன் செய்தால் சரியாகும். இப்படியே ஆடினால் ஒரு நாள் முழுசாக அறுந்துவிடும், அப்புறம் ஆட்டமே இல்லை.

"பிறகு ஏண்டி ஆடுற?"

"ஆகஸ்ட்ல இங்கயே பெரிய போட்டிம்மா. காலிறுதி வரைக்கும் போனா இந்தியா கேம்புக்குக் கூப்பிடுவாங்க. ஜெனிக்கு இருபத்தொம்பது வயசு. அடுத்த வருஷம் அவளைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. நான் இப்ப நின்னா அவளும் நிக்கணும்."

"அவ ஏன் நிக்கணும்? கால் உனக்குத்தான?"

"டபுள்ஸ்ல அப்படித்தாம்மா. ஒருத்திக்கு முடியலன்னா ரெண்டு பேரும் வெளிய."

இது என்ன சட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. நன்றாக இருக்கிறவளை ஏன் அனுப்ப வேண்டும்? வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா? கேட்டேன். யார் யாரோடு மோதுவது என்று டிரா போடுவார்களாம். அதற்கு முன்னால் சொன்னால் ஆள் மாற்றலாம். போட்ட பிறகு முடியாது. இந்தத் தடவை ஆகஸ்ட் 12 அன்று டிரா.

"அவகிட்ட சொல்லிடாத. அப்பா மேல சத்தியம் பண்ணு."

செய்தேன். போன ஆளின் மேல் செய்யும் சத்தியம் செல்லுமா என்று தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருவில் கூழ் ஊற்றினார்கள். இந்த வருஷம் நமக்கு எதுவும் கிடையாது. ஜெனிஷா போய் ஒரு தூக்குவாளி வாங்கி வந்து தானே குடித்தாள். "சர்ச்சுக்குப் போற வேதக்காரிக்குக் கூழ் குடுத்தாங்களா?" என்றேன். "முருங்கக்கீரையும் குடுத்தாவ" என்றாள்.

ஜூலை 26, சனி

இன்றும் ஆட்டம் பார்க்கப் போனேன். எனக்கு ஜெனிஷா மேல் கோபம்.

முன்னால்தானே இவள் இடம்? கோச் சொன்னாரே. ஆனால் காக் உயரமாகப் பின்னால் போனால் போதும், இவள் வலையை விட்டுவிட்டு ஓடிப் போய் அடிக்கிறாள். அதிலும் இடது பின்மூலைக்குப் போகிறதை ஒன்று விடாமல் இவளே எடுக்கிறாள். பாண்டி அங்கேயே நிற்கிறாள், மட்டையை உயர்த்துவதற்குள் இவள் குறுக்கே பாய்ந்து தட்டிவிடுகிறாள். ஹமீது சார் தொண்டை கிழியக் கத்துகிறார், "ஜெனி, உன் இடம் முன்னாடி! அது அவ பந்து!" ம்ஹூம். தனக்கு மட்டும் பேர் வர வேண்டும் என்று ஆடுகிறாள். என் மகள் இவளுக்காக முட்டியைக் கொடுக்கிறாள். இவள் என் மகள் பந்தைப் பிடுங்குகிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

வஞ்சிர மீன் குழம்பு. நடுத்துண்டைப் பாண்டிக்கு வைத்தேன். ஜெனிஷாவுக்கு வால்.

"மாமி, இந்த மீனு ஒல்லியா இருக்கு. டயட்டா?" என்றாள்.

ரசத்தையும் தூரமாக வைத்தேன்.

ஜூலை 30, புதன்

தோள் வலி. டைரி எழுதவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பாண்டி தூங்கிவிட்டாள். எனக்கு வேலை இல்லாமல் இருந்ததால் ஜெனிஷாவின் போனில் அவர்கள் ஆடின பழைய ஆட்டம் ஒன்றைப் போடச் சொன்னேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தையது. ஒடிசாவில் நடந்ததாம். இருவரும் இப்போதைவிட ஒல்லி. நான் இடது பின்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காக் அங்கே போகிறது. ஜெனிஷா அசையவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலையில் மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள் என்பதுபோல் நிற்கிறாள். பாண்டி பின்னால் சாய்ந்து, தலைக்கு மேல் மட்டையைச் சுழற்றி அடித்து, இடது காலில் வந்து இறங்குகிறாள். மறுபடியும். மறுபடியும். எத்தனை தடவை அந்தக் காலில் இறங்குகிறாள்!

"இதுல நீ பின்னால ஓடவே இல்லையே" என்றேன்.

"என்னத்துக்கு ஓடணும்? அது அவ இடமில்லா."

"இப்ப ஓடுறியே."

ஜெனிஷா படத்தை நிறுத்திவிட்டாள். பாண்டி படுத்திருக்கும் அறைக் கதவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எனக்கு வால் மீன் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜெனிஷா சர்ச்சுக்குப் போகவில்லை. பாண்டியை ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள். ஜெனிஷா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். அழுதாளா, வெங்காயமா, எனக்குத் தெரியாது. நான் கேட்காமல் அவளே சொன்னாள்.

"சித்திரையிலேயே எனக்குத் தெரியும் மாமி. பின்னால அவ கால் எறங்குற சத்தம் மாறிப்போச்சி. முன்னால நிக்குறவளுக்குச் சத்தந்தான எல்லாம்."

"அவகிட்ட கேக்கலாம்ல?"

"கேட்டா நிறுத்திருவா. அவ அப்பா போயி கொஞ்ச நாளுதான் ஆச்சி. இதும் இல்லன்னா அவளுக்கு என்ன இருக்கு? அதான் அந்த மூலைக்குப் போறத எல்லாம் நான் எடுத்துக்கிடுறேன். அவ குதிக்கண்டாம். ஆகஸ்ட்ட எப்பிடியாவது தாண்டிட்டா போதும். நீங்க அவகிட்ட சொல்லிராதீங்க. சத்தியம் பண்ணுங்க."

இதற்கும் சத்தியம் செய்தேன். இவள் பைபிள் மேல்.

அவளுக்குத் தெரியக் கூடாதென்று இவள். இவளுக்குத் தெரியக் கூடாதென்று அவள். ஒரே வீட்டில், ஒரே கொடியில் துணி காய்கிறது. நடுவில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். இன்று எல்லோருக்கும் நடுத்துண்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூக்கம் பிடிக்கவில்லை. போன ஆடியில் நடந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மாடிப்படி ஏறி நடுப்படியில் நின்றார். அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை நான் எடுத்துப் போனேன். அவர் எடுக்கட்டும் என்று வைப்பதில்லை. சிலிண்டர் வந்தால் அவர் மில்லில் இருக்கும்போதே தூக்கி வைத்துவிடுவேன். அரிசி மூட்டையும் அப்படித்தான். மாடியில் புழுக்கம் என்று சொல்லிப் படுக்கையைக் கீழே கொண்டுவந்தேன். மாடியில்தான் காற்று நன்றாக வரும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. தையில் மில் சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்தார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம், "நேத்துவரை நல்லாத்தான இருந்தாரு" என்றார்கள். வீட்டிலும் அப்படித்தான் பார்ப்பதற்கு இருந்தது. எல்லா வேலையும் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

இட்லிக்கு ஊறப் போட்டேன். உளுந்து மோசம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜெனிஷாவை மொட்டை மாடிக்குத் துணி எடுக்கக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு ஒரு நாள் நீ உன் இடத்துலயே நில்லு" என்றேன்.

"மாமி?"

"முன்னாடி. அந்தப் படத்துல நின்ன மாதிரி. பின்மூலைக்குப் போனா போகட்டும். நீ போகாத."

"அவ குதிப்பா மாமி. கால் போயிரும்."

"குதிக்க மாட்டா. அவளுக்கும் தெரியும். நீ ஓடிப்போயி எடுக்குற வரைக்குந்தான் அவளுக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும்."

"சத்தியம் பண்ணுனியளே."

"நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலயே. உன்ன உன் இடத்துல நிக்கச் சொல்றேன். கோச்சும் அதத்தான சொல்றாரு?"

அவள் துணியை மடித்தபடியே இருந்தாள். ஒரே டீ-சர்ட்டை மூன்று தடவை மடித்தாள்.

"ஏன் மாமி இப்பிடிச் செய்யணும்?"

"நான் என் இடத்துல நிக்கல" என்றேன்.

அதற்கு மேல் அவளிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

எதிர்ப்பக்கம் இரண்டு பையன்கள். காலேஜில் படிக்கிறவர்கள், பயிற்சிக்காக ஆட வருவார்கள். நான் மேல் படியில் உட்கார்ந்திருந்தேன். காலையில் கிளம்பும்போது ஜெனிஷா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் செய்வாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது.

முதல் நாலைந்து பந்து எப்போதும்போல. பிறகு ஒரு பையன் உயரமாக இடது பின்மூலைக்குத் தூக்கினான். ஜெனிஷாவின் கால் ஒரு அடி பின்னால் வந்தது. நின்றது. மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலையையே பார்த்தாள். பாண்டி அவள் வருவாள் என்று நின்றிருக்கிறாள். வரவில்லை. காக் மூலையில் போய் விழுந்தது.

"சாரி" என்றாள் பாண்டி.

மறுபடி அங்கேயே தூக்கினார்கள். பையன்களுக்கும் புரிந்துவிட்டது, ஆட்டம் அப்படித்தானே. பாண்டி இரண்டு அடி வைத்தாள். எம்பவில்லை. கீழே விழுந்தது. மூன்றாவது. நாலாவது. ஹமீது சார் கத்திக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். ஐந்தாவதுக்குப் பாண்டி நகரவே இல்லை. காக் விழுகிற சத்தம் மேலே வரை கேட்டது. அவ்வளவு லேசான சாமான், எப்படிக் கேட்டதோ.

பாண்டி ஜெனிஷாவின் முதுகைப் பார்த்தாள். ஜெனிஷா திரும்பவில்லை. அவள் தோள் குலுங்குகிறது, மட்டை மட்டும் தூக்கின இடத்திலேயே இருக்கிறது.

"எப்ப இருந்துடி தெரியும்?" என்று பாண்டி கேட்டாள்.

"சித்திர."

"அப்ப இத்தன நாளா என் பந்த..."

"ஆமா."

"ஏண்டி சொல்லல?"

ஜெனிஷா இப்போது திரும்பினாள். "நீ சொன்னியாடி?"

பையன்களில் ஒருவன் காக்கைப் பொறுக்கப் போனான். ஹமீது சார் அவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

பாண்டி கீழே உட்கார்ந்து, இடது முட்டியில் போட்டிருந்த உறையைக் கழற்றினாள். எல்லோருக்கும் முன்னால் முதல் தடவையாக. சார் குனிந்து பார்த்தார். "அல்லா" என்றார்.

நான் இறங்கிப் போகவில்லை. அது அவர்கள் இடம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு பேரும் பேசவில்லை. பாண்டி என்னோடும் பேசவில்லை. "நீதான செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். மூன்று பேருக்கும் தோசை சுட்டேன். தனித்தனி நேரத்தில் வந்து சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் ஜெனிஷா அறையில் சத்தம் கேட்டது. சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக் கதவருகே போனேன்.

"சௌமியா இருக்காளே. ஜோடிக்காரி கல்யாணம் பண்ணிட்டு துபாய் போயிட்டா, சும்மாதான் இருக்கா. அவகூடப் போ."

"அவ செர்வீஸ் அவலட்சணமா இருக்கும்."

"உன் செர்வீஸ் ரொம்ப லட்சணம்!"

பிறகு சிரிப்பா அழுகையா தெரியாத சத்தம். நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டிரா போட்டார்கள். ஜெனிஷா – சௌமியா.

ஆகஸ்ட் 20, புதன்

போட்டி. நானும் பாண்டியும் மேலே உட்கார்ந்திருந்தோம். ஆபரேஷன் அடுத்த மாதம், அதுவரைக்கும் ஊன்றுகோல். அவள் மேலே இருந்து ஆட்டம் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். "இங்கேர்ந்து பாத்தா எவ்வளவு சின்னதா இருக்கு" என்றாள்.

பாவம், இரண்டு பேரும் முட்டிக்கொள்கிறார்கள். ஒரு காக்கை இரண்டு பேரும் அடிக்கப் போகிறார்கள், இன்னொன்றை இரண்டு பேரும் விட்டுவிடுகிறார்கள். முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் நடுவில் ஆட்டம் நின்றது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஏதோ காட்டினார்.

"என்ன ஆச்சு?"

"இடம் மாறி நின்னுட்டாங்கம்மா. ஜெனி வலப்பக்கம் நிக்கணும். என்கூட ஆடுற ஞாபகத்துல இடப்பக்கம் நின்னுட்டா. இப்பத்தான் கவனிச்சிருக்காரு."

"ஐயையோ. தப்பா நின்னு எடுத்த பாயின்ட்டெல்லாம் போச்சா?"

"இல்லம்மா. எடுத்தது எடுத்ததுதான். தெரிஞ்சதும் சரியான இடத்துக்கு மாறி நிக்கணும், அங்கேர்ந்து ஆடணும். அவ்வளவுதான்."

"அபராதம்?"

"ஒண்ணும் கிடையாது."

திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டது. "சட்டப் புஸ்தகத்துலயே அப்படித்தாம்மா இருக்கு!" நல்ல சட்டம். மற்ற சட்டத்தைப் போட்ட ஆள் வேறு, இதைப் போட்ட ஆள் வேறாக இருக்க வேண்டும்.

ஜெனிஷா இடம் மாறி நின்றாள். அப்போது மேலே எங்களைப் பார்த்தாள். பாண்டி ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினாள். மூன்று செட் போய், கடைசியில் ஜெயித்தார்கள். கத்தினதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அடுத்த ரவுண்டில் தோற்றுவிட்டார்கள். காலிறுதி இல்லை. கேம்புக்கும் கூப்பிட மாட்டார்கள்.

ஜெனிஷா வந்து பையைப் போட்டுவிட்டு என் முன்னால் நின்றாள். "நான் முகத்தக் காட்டியிருக்கக் கூடாது" என்றேன்.

"சும்மா இருங்க மாமி. நேத்தும் அதே முகந்தான. அவ செர்வீஸ் மூணு வலையில. நான்தான் சொன்னேனே, அவலட்சணம்ன்னு." பிறகு பாண்டியைப் பார்த்து, "எப்பம்டி ஓடுவ?" என்றாள்.

"ஆறு மாசம். ஆட ஒம்பது மாசம்."

"அப்ப எனக்கு முப்பது."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றவள், உடனே, "இல்ல, இருக்கு. பயமா இருக்கு" என்றாள். பாண்டி நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பாண்டியைப் பிசியோவிடம் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. ஆபரேஷனுக்கு முன்னால் தொடையைப் பலமாக்க வேண்டுமாம். காலுக்கு ஒயர் ஒட்டினார்கள். அது எதற்கு, கரண்ட்டா, அடிக்காதா என்றெல்லாம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். இறகைப் பற்றியும் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஒயரைக் கழற்றினதும், பாண்டி எழுந்திருக்கும் முன்னே ஊன்றுகோலையும் பையையும் நான் எடுத்துக்கொண்டேன். பையைத் தோளில் மாட்டக் கை மேலே வரவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மாட்டினேன். தினமும் அப்படித்தான் மாட்டுகிறேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டார். "உங்களுக்கு என்னம்மா தோள்ல?"

"ஒண்ணு..." என்றேன்.

பாண்டி படுத்திருந்த இடத்தில் இருந்து தலையைத் தூக்கினாள். என் முகத்தையே பார்த்தாள்.

பையைக் கீழே வைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். காட்டினேன். எப்போதில் இருந்து என்று கேட்டார்கள்.

"போன ஆடியில இருந்து" என்றேன்.